தடித்த எழுத்தில் வரும் எண்கள்

உடலின் எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசதயோபிரின் மாத்திரை சாப்பிட ஆரம்பித்து மூன்று மாதம் ஆன ஒருவரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். மொத்த வெள்ளையணுக்கள் 4,200. பக்கத்தில் 4,000 முதல் 11,000 வரை என்று அச்சாகியிருக்கிறது. சரி, உள்ளேதான் இருக்கிறது. அடுத்து, வெள்ளையணுக்களில் ஒரு வகையான லிம்போசைட் 14 சதவீதம்: தடித்த எழுத்து, குறைவு என்ற குறி. கொஞ்சம் கீழே எம்.சி.வி. 103: அதுவும் தடித்த எழுத்து, அதிகம் என்ற குறி. டாக்டரைப் பார்க்க இன்னும் நான்கு நாள் இருக்கிறது. இந்த இடைவெளியில் பயந்துபோய் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும் முடக்குவாதமோ லூபஸோ அடங்கியிருக்கும்போது அப்படி நிறுத்துவது பெரிய இழப்பு. மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்கிறவருக்கு அந்தச் சிறுநீரகமே போய்விடலாம்.

அச்சாகியிருக்கும் அந்த எல்லை எப்படி வருகிறது? ஆரோக்கியமானவர்கள் குறைந்தது 120 பேரின் ரத்தத்தைச் சோதித்து, வந்த எண்களை வரிசைப்படுத்தி, மேலே இரண்டரை சதவீதத்தையும் கீழே இரண்டரை சதவீதத்தையும் வெட்டிவிடுவது வழக்கம். நடுவில் மிஞ்சும் 95 சதவீதம்தான் அந்த எல்லை. அதாவது நோயே இல்லாத 20 பேரில் ஒருவர் எல்லைக்கு வெளியே விழுவார், கணக்கே அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளைச் செய்தால், முழு ஆரோக்கியமான ஒருவருக்கும் ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வர 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ‘நார்மல்’ என்ற சொல்லைக் கைவிட்டு ‘ஒப்பீட்டு மதிப்பு’ என்று சொல்லலாம் என பின்லாந்தைச் சேர்ந்த கிராஸ்பெக்கும் சாரிஸும் 1969-லேயே யோசனை சொன்னார்கள். நம் பேச்சில் இன்னும் ‘நார்மல்’தான். ஆனால் ஒப்பிடப்படுகிற அந்த 120 பேரில் உங்கள் மாத்திரையைச் சாப்பிடுகிறவர் யாரும் இல்லை.

அசதயோபிரின் உடலுக்குள் போய் மெர்காப்டோப்யூரினாக மாறும். அப்புறம் அது டி.என்.ஏ.வின் எழுத்துகளில் ஒன்றான குவானினைப் போலவே தோற்றம் கொண்ட போலியாக மாறும். வேகமாகப் பெருகும் அணுக்கள் இந்தப் போலியையும் சேர்த்துக் கட்டி, நடுவழியில் தடுமாறுகின்றன. நம் மூட்டுகளையோ மாற்று உறுப்பையோ தாக்கப் பெருகும் லிம்போசைட்டுகள் இதில் முதலில் மாட்டும். ஆக, லிம்போசைட் ஓரளவு குறைவது மருந்து தன் வேலையைச் செய்வதன் தடயம். எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. மஜ்ஜையில் டி.என்.ஏ. கட்டும் வேலை தாமதமாக, அணு பிரியாமல் வளர்ந்துகொண்டே போய், கொஞ்சம் பெரிதாக வெளியே வருகிறது. பி12 குறைந்தாலும் இதே மாதிரி நடக்கும் என்பதால் டாக்டர் அதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லலாம்.

இதனால்தான் இந்த மருந்துகளைத் தருகிறவர்கள் தனியாக வேறு கோடுகள் வைத்திருக்கிறார்கள். பிரிட்டன் மூட்டுவாத மருத்துவர்களின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டியில், வெள்ளையணுக்கள் 3,500-க்குக் கீழே, அவற்றில் ஒரு வகையான நியூட்ரோஃபில் 1,600-க்குக் கீழே, தட்டணுக்கள் 1,40,000-க்குக் கீழே, எம்.சி.வி. 105-க்கு மேலே, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 100-க்கு மேலே போனால் உடனே கவனிக்கச் சொல்லியிருக்கிறது. லேப் காகிதத்தில் எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் 40-ஐ ஒட்டியே தடித்துவிடும். உங்கள் டாக்டர் வைத்திருக்கும் கோடு இதிலிருந்து மாறலாம், அவரிடமே கேட்டு ரிப்போர்ட் ஃபைலின் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சதவீதத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மொத்த வெள்ளையணுக்கள் 2,000 இருக்கும் ஒருவருக்கு நியூட்ரோஃபில் 60 சதவீதம் என்று வந்தால் அந்த வரியில் எந்தக் குறியும் இருக்காது. பெருக்கிப் பாருங்கள், 1,200. கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் அணு அந்த 1,600 என்ற கோட்டுக்கும் கீழே போயிருக்கிறது. நாம் பார்த்த ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் 78 சதவீதம் என்றால், அது 3,276. அந்த வகையில் நிம்மதி.

என்னைக் கேட்டால், அந்த ரிப்போர்ட்டில் டாக்டரிடம் கேட்க வேண்டிய எண், குறியே இல்லாத அந்த 4,200தான். மருந்துக்கு முன்பும் அவருக்கு 4,500தான் என்றால் பிரச்சினை இல்லை. 9,000-இல் இருந்து 6,500 ஆகி, இப்போது 4,200 என்றால் அது சரிவு, அடுத்த முறை எங்கே நிற்கும் என்று தெரியாது. சிலருக்கு இந்த மருந்தை உடைக்கும் நொதி பிறவியிலேயே பலவீனமாக இருக்கும். ஐரோப்பியர்களிடம் டி.பி.எம்.டி. என்ற மரபணுவின் மாற்றமும், இந்தியர் உட்பட ஆசியர்களிடம் என்.யூ.டி.டி.15 என்ற மரபணுவின் மாற்றமும் இதற்குப் பெரிய காரணம். இப்படிப்பட்டவர்களுக்குச் சில வாரங்களிலேயே அணுக்கள் சடசடவென்று விழுந்துவிடும். ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலியான கவுட்டுக்குத் தரும் அலோப்யூரினாலைச் சேர்த்துச் சாப்பிட்டாலும் மருந்து உடலில் தேங்கி இதே கதை நடக்கும். மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் எடுத்த ரிப்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

கூடவே பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைச் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம். ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் நியூட்ரோஃபில்களை ஸ்டீராய்டு ஓட்டத்துக்குள் இறக்கிவிடுகிறது. தொற்று எதுவும் இல்லாமலே மொத்த எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டலாம். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது எண்ணிக்கையும் இறங்கும்.

முடக்குவாதத்துக்குப் போடும் டோசிலிசுமாப் ஊசியில் நிலைமை நேர்மாறு. அது அழற்சியைத் தூண்டும் ஐ.எல்.-6 என்ற சமிக்ஞையைத் தடுக்கிறது. அந்தச் சமிக்ஞை கிடைக்காத கல்லீரல், தொற்றையும் அழற்சியையும் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தை அதிகமாகச் சுரப்பதில்லை. நுரையீரலில் நிமோனியா இருந்தாலும் சி.ஆர்.பி. எல்லைக்குள்ளேயே நிற்கலாம், காய்ச்சல்கூட லேசாகவே தெரியலாம். இந்த மருந்துகளில் எதை எடுத்துக்கொண்டாலும், உடல் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். புதிய டாக்டர் என்றால் மருந்தின் பெயரை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.