ஆவணப்படம்: சொல்லும் பொருளும்

டாக்குமென்டரி என்பதற்குத் தமிழில் ஆவணப்படம். நடந்ததை, இருக்கும் மனிதரை, இருக்கும் இடத்தை வைத்து எடுக்கும் படம். கதைப்படத்தில் நடிகர் இன்னொருவராக மாறுகிறார். ஆவணப்படத்தில் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூடு விற்க வந்த விவசாயி அவராகவே வருகிறார்.

உயர்நிலைப் பள்ளியில் ஒரு நாள் முழுக்க ஆவணப்படம் திரையிட்டுப் பயிற்சியும் வைத்தால் பிள்ளைகள் முதலில் கேட்பது, "குறும்படமும் இதுவும் ஒண்ணுதானா சார்?" என்பதுதான். இல்லை. குறும்படம் என்பது நீளத்தைக் குறிக்கும் பெயர். ஆவணப்படம் என்பது தன்மையைக் குறிக்கும் பெயர். பத்து நிமிட ஆவணப்படமும் உண்டு, நான்கு மணி நேர ஆவணப்படமும் உண்டு.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'டோக்கேரே' என்றால் கற்பித்தல். அதிலிருந்து வந்த 'டோக்குமென்டும்' முதலில் பாடம், படிப்பினை, சான்று என்ற பொருள்களில் வழங்கியது. எழுத்துச் சான்று என்ற பொருள் பின்னால் அழுத்தம் பெற்றது. டாக்டர் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான், அதன் பழைய பொருள் ஆசிரியர். படத்தைக் குறிக்க இந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் கிரியர்சன். ராபர்ட் ஃபிளாஹர்ட்டி சமோவா தீவு மக்களைப் பற்றி எடுத்த 'மோவானா' படத்துக்கு 1926-இல் நியூயார்க் செய்தித்தாள் ஒன்றில் எழுதிய மதிப்புரையில் அதைப் பயன்படுத்தினார். நிஜத்தைப் படைப்புணர்வோடு கையாள்வதே டாக்குமென்டரி என்ற விளக்கமும் அவருடையதே.

இனி நம் சொல். ஆவணம் சங்க காலத்திலேயே இருக்கிறது, இரண்டு பொருளில். ஒன்று கடைவீதி: அகநானூறு 122-ஆம் பாட்டில் வரும் 'மல்லல் ஆவணம்' வளமான அங்காடித் தெரு. இன்னொன்று ஓலைச் சான்று. அதே நூலின் 77-ஆம் பாட்டில் கயிறு கட்டிய குடத்தின் மேலுள்ள இலச்சினையைப் பார்த்து உடைத்து உள்ளே இருக்கும் ஓலைகளை எடுப்பவர்கள் 'ஆவண மாக்கள்'. குடவோலைத் தேர்தல் முறைக்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். கடைவீதிப் பொருள் பேச்சிலிருந்து போய்விட்டது. சான்றுப் பொருள் நிலைத்து, இன்று சார்பதிவாளர் அலுவலகப் பத்திரம் வரை ஆவணம்தான்.

இங்கே ஒரு குறை சொல்பவர்கள் உண்டு. ஆவணம் என்றதும் முத்திரைத்தாளும் பட்டாவும் நினைவுக்கு வருகின்றன, கலை எங்கே என்கிறார்கள். நியாயமான கேள்வி. இலங்கைத் தமிழில் விவரணப்படம் என்கிறார்கள், விவரித்துச் சொல்வது என்ற பொருளில். அதுவும் நல்ல சொல்தான். ஆனாலும் என் ஓட்டு ஆவணப்படத்துக்கே. விவரிப்பதைக் கதைப்படமும் செய்யும். ஆவணம் என்று சொன்னால், எடுத்தவர் அதற்குப் பொறுப்பு ஏற்க வேண்டும். யாராவது கேட்டால் சான்று காட்ட வேண்டும். பதினான்கு வயதில் கேமராவைக் கையில் எடுப்பவருக்கு அந்தப் பொறுப்பைப் பெயரே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

கலை எங்கே என்பதற்குப் பதில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நடுகற்களில் இருக்கிறது. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யார் ஆநிரை கவர்ந்தபோது யார் இறந்துபட்டான் என்று கல்லில் எழுதியிருப்பார்கள். அது ஆவணம். அதே கல்லில் வீரன் ஆயுதத்தோடு பெரிதாக நிற்பான். சில கற்களில் மேலே தேவமகளிர் அவனை அழைத்துப் போவார்கள். செதுக்கியவர் நடந்ததை மாற்றவில்லை, ஆனால் எப்படிப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். கிரியர்சன் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அரசு அருங்காட்சியகத்துக்கு மாணவர்களைக் கூட்டிப்போய் ஒரு நடுகல் முன்னால் உட்காரவைத்தால் பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதி கடினமானது: எதுவரை கையாளலாம்? ஃபிளாஹர்ட்டி 1922-இல் வெளியிட்ட 'நானூக் ஆஃப் தி நார்த்' படத்தில், துப்பாக்கி வைத்திருந்த, கனடாவின் வடக்கே பனிநிலத்தில் வாழும் இனுயிட் மக்களைப் பழைய முறைப்படி ஈட்டியால் வேட்டையாட வைத்தார். கேமராவுக்கு வெளிச்சம் வேண்டுமென்று பனிவீட்டின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டே கட்டச் சொன்னார். இது ஆவணமா? ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவரை "இன்னொரு தடவை துடுப்புப் போடுங்கண்ணா" என்று கேட்கலாமா? மாணவர்கள் இதைத் தங்களுக்குள் வாதிடட்டும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லில் கறை படிந்த பாட்டியைப் படம் எடுக்கும்போது, அவரிடம் அனுமதி கேட்பதும் இந்தச் சொல்லின் பொருளுக்குள் அடங்கும்.

டாக்குமென்டரி என்றாலே அலுப்பு என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. "டாக்குமென்டரி மாதிரி இருக்கு" என்பது திட்டாகவே ஆகிவிட்டது. 1948-இல் தொடங்கிய, இந்திய அரசின் படத் தயாரிப்பு அமைப்பான பிலிம்ஸ் டிவிஷனின் படங்களைத் திரையரங்குகளில் கட்டாயமாகக் காட்டிய காலத்து நினைவும் அதற்கு ஒரு காரணம் என்பேன். ஆனால் தமிழரின் ஆவணப்பட வரலாறு அதற்கும் முந்தையது. பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிப் படம் எடுக்க 1937-இல் எண்ணம் கொண்டு, நாடு நாடாகப் போய் சுமார் 50,000 அடி படச்சுருள் சேர்த்து, 1940-இல் தமிழ் விளக்கவுரையோடு வெளியிட்டார்.

அப்புறம், ஒர்க்‌ஷாப். பயிலரங்கு, பயிற்சிப் பட்டறை என இரண்டும் வழக்கில் உள்ளன. பட்டறை கொல்லுலைச் சொல். பட்டடை என்ற வடிவில் திருக்குறளில் வருகிறது (குறள் 821), பொருள் அடைகல், அதாவது காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் கட்டை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். பட்டறை இந்த மண்ணுக்கு அந்நியமான சொல் அல்ல. உட்கார்ந்து கேட்கும் வகுப்பென்றால் பயிலரங்கு என்று போடுங்கள். பிள்ளைகள் கையில் கேமராவும் மைக்கும் கொடுத்து, மாங்கூழ் ஆலைக்கோ தெருக்கூத்து ஒப்பனைக்கோ அனுப்பி, சாயங்காலம் வெட்டி ஒட்டச் சொல்வதென்றால் பட்டறைதான் சரி.