பட்டனைப் பார்த்து டயர் வாங்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் எண்ணைப் படியுங்கள்

காசிமேட்டில் மீன் ஏற்றிவந்த ஒரு பிக்கப்பின் பின்பக்க டயர் மேசைமேல் கிடக்கிறது. வெளியே பார்த்தால் புதுசு. பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டி, இன்னும் 10 மில்லிமீட்டர் ஆழம் நிற்கிறது. ஆனால் பக்கவாட்டில் ஒரு முழத்துக்குக் கிழிசல். உள்ளே கைவிட்டால் விரலெல்லாம் கறுப்புத் தூள். உள்சுவரைச் சுற்றி வளையம் போட்டதுபோல ரப்பர் தேய்ந்து நூல் தெரிகிறது. ஆணியோ கல்லோ குத்திய தடம் எங்கும் இல்லை. இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது டயர் இது. மூன்றுமே ஆல் டெரெயின், அதாவது தாரிலும் மண்ணிலும் ஓடச் செய்த பெரிய பட்டன் டயர். மூன்றையும் வாங்கியவர்களிடம் கடையில் சொல்லப்பட்டது ஒரே வார்த்தை: "பட்டன் எவ்ளோ பெருசா இருக்குது பாருண்ணே, லோடு தாங்கும்."

டயரில் குறை இல்லை. எஸ்யூவிக்காகச் செய்த டயரை லோடு வண்டியில் மாட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது.

எத்தனை முறை சொன்னாலும் ஏறாத விஷயம் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன். பட்டன் எடையைத் தாங்குவதில்லை. எடையைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. அந்தக் காற்றை எவ்வளவு அழுத்தத்தில் பிடித்துவைக்க முடியும் என்பதைத் தீர்மானிப்பது டயரின் உடம்புக்குள் ஓடும் நூலும் விளிம்பில் இருக்கும் கம்பி வளையமும். பட்டன் என்பது செருப்பின் அடிப்பாகம் மாதிரி. அடி தடிமனாக இருப்பதால் கால் பலமாகிவிடாது. 12 மில்லிமீட்டர் பட்டன் உள்ள டயர் 800 கிலோதான் தாங்கும் என்றால் அது 800 கிலோதான் தாங்கும். அதன் பக்கத்தில் பார்க்கச் சப்பையாக, நேர்கோடு போட்ட 8 பிளை எல்.டி டயர் (எல்.டி என்றால் லைட் டிரக், சின்ன லோடு வண்டிக்கானது; பிளை என்பது டயர் உடம்பின் பலத்தைச் சொல்லும் தரம்) 950 கிலோ தாங்கும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

படிப்பது கஷ்டமில்லை. டயர் பக்கவாட்டில் "235/75 ஆர் 15 105 எஸ்" என்று இருக்கும். முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம் என்பது. 15 ரிம் அளவு. கடைசியில் இருக்கும் 105தான் எடை எண், எஸ் வேக எழுத்து. எல்லோரும் முதல் மூன்றைப் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நான்காவதைப் படியுங்கள். 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ. 105 என்றால் 925. 106 என்றால் 950. 110 என்றால் 1,060. 116 என்றால் 1,250. "106/104" என்று இரண்டு எண் இருந்தால் முதலாவது ஒற்றை டயருக்கு, இரண்டாவது ஜோடி டயருக்கு.

இப்போது ஒரு கணக்கு. 195 ஆர் 15 எல்.டி, 106/104 டயரோடு வந்த ஒரு பிக்கப், பின் அச்சுக்கு 1,900 கிலோ அனுமதி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு டயர், 950 வீதம் 1,900. சரியாகப் பொருந்துகிறது. அதைக் கழற்றிவிட்டு அகலமான 235/75 ஆர் 15, 105 மாட்டினால் 1,850 கிலோ. அப்போதே 50 கிலோ குறைவு. அது கார் வகை டயர் என்றால் லோடு வண்டியில் மாட்டும்போது அதன் தாங்குதிறனை 1.1ஆல் வகுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பழகிய விதி. வகுத்தால் ஒன்றுக்கு 840, இரண்டுக்கும் சேர்த்து 1,680. அனுமதிக்கப்பட்ட லோடு ஏற்றினாலே 200 கிலோவுக்கு மேல் இடிக்கிறது. மீன் பெட்டியில் ஐஸும் தண்ணீரும் இருக்கும், அதை யாரும் எடையில் சேர்ப்பதில்லை. அந்தச் சுமையோடு எர்ணாவூர் மேம்பாலம் ஏறி மே மாத வெயிலில் மீஞ்சூர் வரை போனால் அந்த டயருக்குள் கறுப்புத் தூள் உண்டாகத்தான் செய்யும்.

இதைச் சொன்னவுடன் வரும் பதில்: "காத்தை 55 அடிச்சு ஓட்டுறேங்க." ஐயா, அது வேலைக்கு ஆகாது. சாதாரணக் கார் வகை டயர் தன் முழு எடையையும் 35, 36 பாயின்ட்டிலேயே (பி.எஸ்.ஐ) தாங்கிவிடுகிறது. அதற்குமேல் அடிக்கும் காற்று ஒரு கிலோகூடக் கூடுதலாகத் தாங்கவைக்காது. அதிகபட்ச அழுத்தமும் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும், பல டயர்களில் அது 44. அதைத் தாண்டி 55 அடித்தால் நடுப்பட்டன் மட்டும் தேயும், பிரேக் பிடி குறையும், மணலி ரோட்டில் கண்டெய்னர் லாரி உடைத்துவைத்த தார் விளிம்பில் ஒரு அடி பட்டால் பக்கம் உப்பிவிடும். உப்பல் வந்த டயரை ஒட்ட முடியாது. ஓட்டவும் கூடாது.

நிஜமாகவே ஆல் டெரெயின் வேண்டும், லோடும் ஏற்ற வேண்டும் என்றால் எல்.டி எழுத்து உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அதில் லோடு ரேஞ்ச் என்று ஓர் எழுத்து இருக்கும்: சி என்றால் 6 பிளை தரம், டி என்றால் 8, இ என்றால் 10. முழு எடைக்கு முறையே 50, 65, 80 பாயின்ட் காற்று கேட்கும். இங்கேயும் ஒரு தப்பு தொடர்ந்து நடக்கிறது. எல்.டி மாட்டிவிட்டுப் பழைய டயருக்கு வைத்த 35ஐயே வைக்கிறார்கள். அந்த 35இல் எல்.டி டயர் முன்பிருந்த டயரைவிடக் குறைவாகத்தான் தாங்கும். ஹைலக்ஸ், வி-கிராஸ் மாதிரி பிக்கப் வைத்திருப்பவர்கள் இதைக் குறிப்பாகக் கவனியுங்கள். வண்டி ஸ்டிக்கரில் உள்ள அழுத்தம் கம்பெனியிலிருந்து வந்த டயருக்கானது. டயர் வகை மாறினால் அதன் எடை அட்டவணையைப் பார்த்து அழுத்தத்தையும் மாற்ற வேண்டும்.

அந்த ஸ்டிக்கர் பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவுத் தூணில் இருக்கும். டயர் வாங்கப் போகும் முன் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே ரிம்மில் குத்தியிருக்கும் அகலத்தையும் படம் எடுங்கள். 235/75 ஆர் 15க்குக் குறைந்தது 6 அங்குல அகல ரிம் வேண்டும். 5.5 ரிம்மில் அதைத் திணித்தால் டயர் பலூன் மாதிரி நிற்கும், வளைவில் வண்டி மிதப்பதுபோல ஆடும்.

அளவு கூட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 215/75 ஆர் 15இன் விட்டம் ஏறத்தாழ 703 மில்லிமீட்டர், 235/75இன் விட்டம் 733. வித்தியாசம் 4 சதவீதத்துக்கு மேல். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62.5இல் ஓடுகிறது. தரையிலிருந்து கிடைக்கும் உயரம் 15 மில்லிமீட்டர்தான். அதற்காக வண்டியின் இழுவை, பிரேக், மைலேஜ் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறீர்கள். 3 சதவீதத்துக்குமேல் போக வேண்டாம் என்பது என் கருத்து. மாட்டியபின் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, லோடோடு ஒரு முறை, காலியாக ஒரு முறை, உரசுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது மழை. "ஐப்பசி மழைக்கு ஆல் டெரெயின்தான் சரி" என்று ஒரு நம்பிக்கை வடசென்னையில் ஊறிப்போயிருக்கிறது. சேற்றுக்கு அது சரி. ஈரத் தார் ரோட்டுக்கு அது பெரும்பாலும் சரியில்லை. பட்டனுக்கு நடுவே இடைவெளி கூடக்கூட, ரோட்டைத் தொடும் ரப்பர் குறைகிறது. கல்லில் பிய்யாமல் இருக்கக் கெட்டியான ரப்பர் போடுகிறார்கள், அது ஈரத்தில் அவ்வளவாகப் பிடிக்காது. மணலி, எண்ணூர் பக்கம் ரோட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் நிலக்கரித் தூளும் படிந்திருக்கும். முதல் தூறலில் அது சோப்பு மாதிரி ஆகிவிடும். அங்கே பிரேக் போட்டால் நல்ல ஹைவே டயர் நிற்கும் இடத்தைத் தாண்டித்தான் பல ஆல் டெரெயின் டயர்கள் நிற்கும். சேற்றுக்கென்றே செய்த மட் டெரெயின் இன்னும் மோசம். மழைக்காக வாங்குகிறீர்கள் என்றால் பட்டன் மேல் மெல்லிய கீறல் கோடுகள் நிறைய இருக்கிறதா என்று பாருங்கள். ஈரத்தில் பிடிப்பவை அவைதான். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது எந்த டயரும் உதவாது. இறங்காதீர்கள், தயவுசெய்து.

அப்படியென்றால் யாருக்குத்தான் ஆல் டெரெயின்? நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் பக்கம் மணலில் இறங்கி வலை, படகு எஞ்சின் ஏற்றுபவர்களுக்கு. பொன்னேரியைத் தாண்டி வயல் வரப்பு, செங்கல் சூளை என்று தினமும் போகிறவர்களுக்கு. ஓட்டத்தில் நாலில் ஒரு பங்காவது தார் இல்லாத தரை என்றால் வாங்குங்கள். மூலக்கடையிலிருந்து செங்குன்றம், தண்டையார்பேட்டையிலிருந்து மணலி என்று தாரிலேயே ஓடும் வண்டிக்கு முன்னால் ரிப் (நேர்கோடு போட்டது), பின்னால் செமி லக் (நடுவில் கோடும் ஓரத்தில் பட்டனும் உள்ளது) எல்.டி போதும். விலையும் குறைவு, சூடும் குறைவு, டீசலும் மிச்சம். மணலில் இறங்கும்போது லோடு இல்லாமல் 18, 20 பாயின்ட்டுக்குக் காற்றை இறக்கலாம், மெதுவாக ஓட்டுவதாக இருந்தால். தாருக்கு ஏறியவுடன் திரும்ப அடிக்க வழி இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். ஒரு சின்ன கம்ப்ரசர் வண்டியிலேயே இருக்கட்டும்.

நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு இரண்டு டயர் மட்டும் மாற்றும் பேச்சே வேண்டாம். நாலும் ஒரே அளவு, ஒரே மாடல், ஏறத்தாழ ஒரே தேய்மானம்.

மாட்டும் இடத்தில் கவனிக்க வேண்டியவை. பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும்: 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் தயாரானது. இரண்டு வருடப் பழசைப் புதுசு விலைக்கு வாங்காதீர்கள். ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்க வேண்டும். வால்வைப் பழசே போதும் என்று விடாதீர்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 பாயின்ட் வரைதான். அதற்குமேல் வைக்கும் டயருக்கு அதற்கான உயர் அழுத்த வால்வைக் கேட்டு வாங்குங்கள். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டுத் தரச் சம்மதிக்காதீர்கள். பக்கச்சுவர் பஞ்சருக்குக் குச்சி வைக்கச் சொல்லாதீர்கள், யார் வைத்தாலும் அது நிற்காது.

கடலோரத்துக்கென்று தனி வேலை ஒன்று உண்டு. மீன் தண்ணீர் வழிந்து ரிம்மின் உள்விளிம்பில் துரு ஏறும், அங்கேயிருந்து காற்று மெல்ல இறங்கும். தினம் 5 பாயின்ட் குறைந்துகொண்டே வரும், பஞ்சரும் கிடைக்காது. டயரைக் கழற்றும்போதெல்லாம் விளிம்பைக் கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லி நின்று பாருங்கள். லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரில் சக்கரத்தைக் கழுவுங்கள்.

காற்றைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் முள் ஏறித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக நிற்கும். பங்க் முள்ளை நம்பாமல் சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள். வாரம் ஒரு முறை ஸ்க்ரூடிரைவரால் பட்டன் நடுவே சிக்கிய கல்லை எடுத்துவிடுங்கள், ஆல் டெரெயினில் அது உள்ளே துளைத்துக்கொண்டே போகும். நாலும் ஒரே மாதிரி டயர் என்றால் 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போடுங்கள். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம், ஆனால் அக்டோபர் பிறக்கும்போது 3க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள்.

புது டயர் மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளைத் திரும்ப இறுக்குங்கள். அதே நாளில் வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியையும் ஒரு முறை இறக்கிப் பாருங்கள். உப்புக் காற்றில் அதன் செயின் துருப்பிடித்து இறங்காமல் நிற்கும் வண்டிகள் இங்கே நிறைய. ராத்திரி இரண்டு மணிக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், பின்னால் கண்டெய்னர்கள் வரிசையாக வரும்போது, லோடுமேன் சுத்தியலால் அந்தச் செயினைத் தட்டிக்கொண்டிருக்கும் நிலை வர வேண்டாம்.