விளிம்பில்தான் இருக்கிறது எல்லாம்

"வெள்ளிக்கு விபூதி, வெண்கலத்துக்குப் புளி. எப்படி மின்னுகிறது பாருங்கள் சார்!" என்று ஓர் இளைஞர் இரண்டு பதக்கங்களை என் மேசையில் வைத்தார். தாத்தாவின் நாணயப் பெட்டியில் கிடைத்தவையாம். ஒன்று 1882 எகிப்துப் போருக்கான வெள்ளிப் பதக்கம்; ஒரு பக்கம் விக்டோரியா அரசி, மறுபக்கம் ஸ்பிங்ஸ். மற்றது அதே போருக்காக எகிப்தின் கெதிவ், அதாவது அந்நாட்டு ஆட்சியாளர், வழங்கிய வெண்கல நட்சத்திரம்.

மின்னத்தான் செய்தன. வெள்ளியின் விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தேன். லெப்டினன்ட் என்பதன் சுருக்கம் தெரிந்தது. பெயரில் பாதியைக் காணோம். படைப்பிரிவு இருந்திருக்க வேண்டிய இடம் வழவழவென்றிருந்தது. ஏற்கெனவே தேய்ந்திருந்த எழுத்துகளில் மிச்சத்தையும் விபூதி தின்றுவிட்டது.

இவை வீரச்செயலுக்கான விருதுகள் அல்ல. அந்தப் போரில் பணியாற்றியதற்கான அடையாளம். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அச்சுதான். ஆளைச் சொல்வது விளிம்பு மட்டுமே. பிரிட்டிஷ் சிப்பாய் என்றால் பெயரோடு எண் இருக்கும். அதிகாரிக்கு எண் கிடையாது. பொறித்திருப்பது அந்தப் போரின்போது அவர் வகித்த பதவி. ஒருவரின் ஆப்கான் பதக்கத்தில் லெப்டினன்ட், எகிப்துப் பதக்கத்தில் கேப்டன் என்றிருந்தால் இடையில் அவர் ஏறிய படி தெரிகிறது. 1850களின் கிரிமியப் போர்க் காலத்துக் கேப்டன் என்றால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். 1871 வரை காலாட்படையில் பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம். கேப்டன் பதவியின் அதிகாரபூர்வ விலை 1,800 பவுன். திறமையா, அப்பாவின் பணமா என்று பதக்கம் சொல்லாது.

வாங்குபவர்கள் கவனிக்க: சிப்பாயின் பெயரை அரத்தால் நீக்கிவிட்டு அதிகாரியின் பெயரைப் பொறித்து விற்பது பழைய தந்திரம். எகிப்துப் பதக்கத்தின் விட்டம் 36 மில்லிமீட்டர்; அராவினால் அது குறையும். விட்டத்தை நுட்பமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் காட்டிக்கொடுத்துவிடும். 1882இல் பதக்கம் பெற்றவர் 1885இல் சூடான் போருக்கும் போயிருந்தால், போரின் பெயர் பொறித்த வெள்ளிப் பட்டை மட்டுமே கூடுதலாகக் கிடைக்கும். மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையினர் இரு முறையும் போனவர்கள். எனவே ஒரே ஆளின் பெயரில் இரண்டு எகிப்துப் பதக்கங்களை யாராவது நீட்டினால் பணத்தை எடுக்காதீர்கள். பெயர் தெளிவாக இருந்தால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்கப் பட்டியல்களில் சரிபார்க்கலாம்.

"முகத்தில் இந்தக் குழிகளை அடைத்துவிடலாமா சார்?" என்றார் இளைஞர். அரசியின் கன்னத்தில் அம்மைத் தழும்புபோல நாலைந்து புள்ளிகள். பக்கத்தில் தொங்கிய நட்சத்திரத்தின் முனை, அணிந்திருந்த அதிகாரி நடக்கும்போதும் குதிரையேறும்போதும் இடித்து இடித்து விழுந்தவை. நட்சத்திரத்தைப் பெயர் பொறிக்காமலேதான் வழங்கினார்கள். அதை இந்த வெள்ளியோடு சேர்த்துவைக்கும் சாட்சி இந்தக் குழிகள்தான். அடைக்கக் கூடாது, இரண்டையும் பிரித்து விற்கவும் கூடாது என்றேன்.

இனித் துடைப்பதென்றால் உலர்ந்த பருத்தித் துணி போதும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தேன். நட்சத்திரம் மறுபடியும் இடிக்காதபடி நடுவில் அமிலமற்ற காகிதத்தை மடித்துச் செருகிக் கொடுத்தேன்.