டெயில்கேட் விருந்தில் இரண்டாம் பந்திதான் ஆபத்தானது

அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமைதோறும் கல்லூரிக் கால்பந்து ஆட்டங்களும், அவற்றோடு டெயில்கேட் விருந்துகளும் களைகட்டிவிடும். பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கி, அதையே மேசையாக்கி, வண்டி நிறுத்துமிடத்திலேயே சமைத்துப் பரிமாறுவதால் வந்த பெயர் அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆன் ஆர்பர் மைதானத்துக்கு எதிரே, கோல்ஃப் திடலின் புல்வெளி முழுவதும் கூடாரங்கள் எழுந்திருக்கும் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். உணவுப் பாதுகாப்புப் பணியில் இருப்பதால், அங்கே என் கண் முதலில் தேடுவது ஐஸ் பெட்டிகளைத்தான்.

விருந்துக்குத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் முதல் பந்தியை மட்டுமே கணக்கில் கொள்கிறார்கள். நண்பகல் ஆட்டமென்றால் காலை எட்டு மணிக்கே அடுப்பு மூட்டி, பத்தரைக்குள் சாப்பிட்டு, மிச்சத்தை அலுமினியத் தாளால் மூடிவிட்டு உள்ளே போகிறார்கள். ஆட்டம் முடிய ஏறக்குறைய மூன்றரை மணி நேரமாகும். பசியோடு திரும்பி வருபவர்கள் திறப்பது மூடிவைத்த அதே தட்டுகளைத்தான். வயிற்று உபாதை பற்றி என்னிடம் பேசியவர்களில் பலர் சாப்பிட்டிருந்தது இந்த இரண்டாம் பந்தியில்தான்.

40 முதல் 140 டிகிரி ஃபாரன்ஹீட் வரையிலான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். எனவே கெட்டுப்போகக்கூடிய உணவு 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது; வெயில் 90 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். மறுபடி சுடவைத்தால் சரியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் நச்சு, சூடாக்கினாலும் அழியாது. பயணத்துக்குப் புளியோதரை தாங்கும் என்ற நம் வீட்டு அனுபவத்தைத் தேங்காய்ச் சாதத்துக்கும் பிரியாணிக்கும் நீட்டிக்கக் கூடாது. புளியின் அமிலம் அவற்றில் இல்லை. முந்தின நாள் பெரிய அண்டாவில் காய்ச்சி, அப்படியே ஆறவிடும் சில்லி என்ற கொத்துக்கறிக் குழம்பும் ஆபத்தானதே. ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, உடனே குளிர்பெட்டியில் வைத்தால்தான் அது சீக்கிரம் ஆறும்.

ஆகவே இரண்டாம் பந்திக்கானதை முதலிலேயே தனியாகப் பிரித்துவிடுங்கள். பானங்களுக்கு ஓர் ஐஸ் பெட்டி, உணவுக்கு வேறொன்று. பானப் பெட்டியை நாள் முழுக்கத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார்கள். அதில் இறைச்சியை வைத்தால் குளிர்ச்சி நிற்காது. உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டில்களை உணவுப் பெட்டியின் அடியிலும் மேலும் அடுக்கி, உள்ளே ஒரு சிறு வெப்பமானியைப் போட்டுவைத்தால், திரும்பி வந்ததும் 40 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இறைச்சிக்குள் செருகிப் பார்க்கும் வெப்பமானி இன்னும் முக்கியமானது. ஒருமுறை ஓர் இளைஞர் பர்கர் ஒன்றைப் பிட்டு, "உள்ளேயும் பழுப்பாகிவிட்டது, வெந்துவிட்டது" என்றார். என் கருவியைச் செருகியபோது முள் 138-இல் நின்றது. கொத்துக்கறிக்கு 160 டிகிரியும் கோழிக்கு 165 டிகிரியும் வேண்டும்; நிறத்தை நம்ப முடியாது. 1993-இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத பர்கர்களால் ஈ.கோலை என்ற கிருமி பரவி, 700 பேருக்கு மேல் நோயுற்றனர். 4 குழந்தைகள் இறந்தனர். அதை நினைக்காமல் நான் ஒருநாளும் அந்தக் கருவியைக் கையில் எடுப்பதில்லை.

கை கழுவ, குழாய் பொருத்திய தண்ணீர்க் கேனும் சோப்பும் கொண்டுபோங்கள்; பிசுக்கும் மசாலாவும் படிந்த கையில் சானிட்டைசர் சரியாக வேலை செய்யாது. பச்சை இறைச்சியைப் புரட்டிய இடுக்கியை வெந்ததற்குப் பயன்படுத்தாதீர்கள். குடிக்காமல் வண்டியோட்டப் போவது யார் என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

இரண்டாம் பந்திக்குப் புதிதாகச் சமைக்கும்போது மழை பெய்தாலும் கூடாரத்தை நாற்புறமும் மூடிவிட்டுக் கரியடுப்பு எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சாம்பல் பூத்த கரியும் பல மணி நேரம் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் என்பதால், அடுப்பை அப்படியே காரின் டிக்கியில் ஏற்றுவது வண்டிக்குள் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் ஊற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றி, தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் குளிர்ந்த பிறகே கிளம்புங்கள்.