டிரம்பெட்டுக்கு ஒரு மலையும் ஒரு மண்டபமும்

கிருஷ்ணகிரியை ஒட்டி நிற்கிற சையது பாஷா மலை பெரும்பாலும் வெறும் பாறை. அப்படி ஒரு பாறையைப் பார்த்து நின்று டிரம்பெட்டில் ஒரு சுரத்தைச் சுருக்கென்று ஊதினால் பாறை அதைத் திருப்பிக் கொடுக்கும். 30 டிகிரி வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடுகிறது. பாறை 87 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர அரை நொடி. அதே ஆள் அதே சுரத்தைக் கல்யாண மண்டபத்துக்குள் ஊதட்டும். தனியாக எதுவும் திரும்பி வராது. சுவர், தரை, கூரை என்று பட்டுச் சிதறிய ஆயிரக்கணக்கான பிரதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். ஊதி நிறுத்திய பிறகும் ஒலி வாலாக இழுபடும். முதலாவது எதிரொலி, இரண்டாவது எதிர்முழக்கம். மேடையில் இவற்றை டிலே, ரிவெர்ப் என்கிறோம்.

இந்த இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்த பெடல் கிட்டார்காரர்களின் காலடியில் கிடப்பதைப் பார்த்து, தர்மபுரிப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் ஊதுகிறவர்களுக்கும் ஆசை வருகிறது. "கிட்டாருக்குப் போடுறத டிரம்பெட்டுக்குப் போட்டா கெட்டுப்போயிடுமாண்ணா?" என்று கேட்பார்கள். கெட்டுப்போகாது. 1960-களின் கடைசியிலேயே அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் டான் எல்லிஸ் தன் டிரம்பெட்டை எக்கோப்ளெக்ஸ் என்னும் டேப் கருவிக்குள் செலுத்தி மேடையில் வாசித்தார். ஆனால் பெடல் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் எந்தக் குமிழை எங்கே நிறுத்துவது என்பது பிடிபடும்.

டிலேயிலிருந்து தொடங்குவோம். மைக்கிலிருந்து வரும் மின்னலையைப் பெடல் நொடிக்கு 48,000 தடவை அளக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அளவும் ஓர் எண். எல்லாம் வரிசையாக நினைவகத்தில் போய் உட்காரும். அரை நொடி டிலே வேண்டுமென்றால் 24,000 எண்களுக்கு இடம் ஒதுக்கினால் போதும். செக்கைச் சுற்றும் மாடு போல, எழுதும் இடம் அந்த 24,000 கட்டங்களையும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்துக்கு மறுபடி வந்ததும் அரை நொடிக்கு முன் எழுதியதை வாசித்து வெளியே அனுப்பிவிட்டு, அங்கே புதிதை எழுதும். அப்படி வாசித்ததில் ஒரு பங்கைப் புதியதோடு கூட்டி எழுதினால் எதிரொலிக்கு எதிரொலி கிடைக்கும். அந்தப் பங்கைத் தீர்மானிப்பதுதான் 'ஃபீட்பேக்' அல்லது 'ரிப்பீட்' என்று எழுதியிருக்கும் குமிழ். பாதியாக வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் 6 டெசிபல் குறையும். பத்து சுற்றில் 60 டெசிபல், அதாவது அலையின் உயரம் ஆயிரத்தில் ஒரு பங்கு. காதுக்கு அது அநேகமாக மௌனம். பங்கு ஒன்றைத் தாண்டினால் ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிடப் பெரிதாகிக்கொண்டே போய்ப் பெட்டி அலறும்.

ரிவெர்ப் வேறு சரக்கு இல்லை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த மன்ஃப்ரெட் ஷ்ரோடர், சில பத்து மில்லிநொடி நீளமுள்ள குட்டிச் சுற்றுகள் சிலவற்றை இணையாக ஓடவிட்டு, ஒன்றின் எதிரொலி இன்னொன்றின்மேல் விழாதபடி பொதுக் காரணி இல்லாத நீளங்களை அவற்றுக்குக் கொடுத்தார். பிறகு இன்னும் குட்டியான சுற்றுகள் வழியாக அனுப்பி அதை அடர்த்தியாக்கினார். நொடிக்கு ஆயிரம் எதிரொலி அளவுக்கு அடர்த்தி வந்துவிட்டால் காது எண்ணுவதை விட்டுவிட்டு அதை ஓர் அறையாகக் கேட்கிறது. இன்றைய பெடல்களில் கணக்கு நிறைய மாறியிருந்தாலும் அடிப்படை இதுதான். இரண்டும் ஒரே சில்லில் குடியிருப்பதற்கும் இதுவே காரணம். சில்லு வருவதற்கு முன் இந்தக் கூட்டுக்கு ஆளுயரச் சாமான் தேவைப்பட்டது. 1957-இல் வந்த இ.எம்.டி. 140 ரிவெர்ப் என்பது தொங்கவிட்ட ஓர் எஃகுத் தகடு, ஏறக்குறைய 2 மீட்டர் நீளம். 1974-இல் ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ, டிலேக்கான டேப் சுற்றையும் ரிவெர்ப்புக்கான ஸ்பிரிங்கையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது.

இனி இடத்தைப் பார்ப்போம், ஏனென்றால் ஊதுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரு மண்டபத்தின் எதிர்முழக்கம் எத்தனை நொடி நீளும் என்பதற்கு 1890-களில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் ஒரு சூத்திரம் கண்டார்: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறை மொத்தமாக ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். நம்மூர் மண்டபம் ஒன்றைக் கணக்குக்கு எடுப்போம். 30 மீட்டர் நீளம், 15 அகலம், 6 உயரம். கன அளவு 2,700 கன மீட்டர். தரை, கூரை, சுவர் சேர்ந்து 1,440 சதுர மீட்டர். டைல்ஸ், சிமெண்ட் பூச்சு, கண்ணாடி என்று எல்லாமே ஒலியைத் திருப்பியடிக்கிறவை. நாற்காலி, திரைச்சீலை எல்லாம் சேர்த்துச் சராசரியாக நூற்றுக்கு 5 பங்கு உறிஞ்சுகிறது என்று வைத்தால் 72 சதுர மீட்டர். வகுத்தால் 6 நொடி. இப்போது 500 பேர் வந்து உட்காரட்டும். உடுப்போடு ஓர் ஆள் சுமார் 0.45 சதுர மீட்டர் உறிஞ்சுவார். 72 என்பது 297 ஆகிறது. 6 நொடி ஒன்றரை நொடியாகச் சுருங்கிவிடுகிறது.

சாயங்காலம் நாலு மணிக்குக் காலி மண்டபத்தில் சவுண்டு செக் செய்து, "ரிவெர்ப் இவ்வளவு போதும்" என்று முடிவெடுப்பது எந்த வகையில் சரி? அந்த நேரத்தில் பெடலே வேண்டியிருக்காது, எட்டு மணிக்கு வேண்டியிருக்கும். என் முறை இது: உள்ளரங்கமாக இருந்தால் ரிவெர்ப் குமிழை அடியில் வைத்துவிட்டு டிலேயை மட்டும் கொஞ்சமாகத் திறப்பேன். சனம் வந்து நிரம்பிய பிறகு, வாலில்லாமல் மொட்டையாகக் கேட்டால் மட்டுமே ரிவெர்ப். திறந்தவெளித் திருவிழா மேடை நேர் எதிர். வயலும் வானமும் எதையும் திருப்பித் தருவதில்லை. அங்கே ஊதுகிறவருக்கே தன் சுரம் வாயிலிருந்து வெளியேறியதும் செத்துப்போனதாகத் தோன்றும்; அதனால் மூச்சைக் கொட்டி ஊதி உதடு களைத்துப்போகும். இரண்டு நொடி ரிவெர்ப் அவருடைய மானிட்டரில், அதாவது மேடையில் அவரை நோக்கி வைத்த ஸ்பீக்கரில், வந்தால் உடம்பே தளர்ந்து ஊதுவார். இதை நான் மேடையோரம் நின்று பார்த்திருக்கிறேன்: தோள் இறங்கும், வரிகளின் முடிவில் சுரத்தைப் பிடித்து நிறுத்த ஆரம்பிப்பார்.

டிரம்பெட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஓங்கி ஊத ஊத, குழாய்க்குள் அழுத்த அலையின் முகப்பு செங்குத்தாகி, உச்ச அதிர்வெண்கள் பெருகுகின்றன. அந்தப் பளபளப்பு அப்படியே ரிவெர்ப்புக்குள் போனால் வாலெல்லாம் 'ஸ்ஸ்' என்று இரையும். நிஜ மண்டபத்தில் காற்றும் துணியும் உச்சத்தை முதலில் தின்றுவிடுவதால் வால் எப்போதும் மங்கியே இருக்கும். பெடலில் 'டோன்' அல்லது 'டேம்ப்' குமிழைத் தாராளமாக இருட்டுப் பக்கம் திருப்புங்கள். 'ப்ரீ-டிலே' இருந்தால் 30 மில்லிநொடி கொடுங்கள். நாக்கால் தட்டும் அந்த முதல் தெறிப்பு சுத்தமாகக் காதில் விழுந்த பிறகே வால் தொடங்கும்.

டிலே நேரத்துக்குக் கணக்கு எளிது. 60,000-ஐ நிமிடத்துக்கான தட்டு எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தட்டுக்கான மில்லிநொடி. 120 என்றால் 500. கிட்டார்காரர்கள் இதில் முக்கால் பங்கான 375-ஐ விரும்புவார்கள். நாலாய்ப் பிரியும் தாளத்தில் அது அழகாக இடையில் விழும். நம்முடைய குத்துப்பாட்டிலும் தெம்மாங்கிலும் நிறையத் திஸ்ர நடை. அங்கே ஒரு தட்டு மூன்றாய்ப் பிரிகிறது: 167, 333, 500. 375 இவற்றில் எதிலும் சேராமல் தவிலோடும் டிரம்ஸோடும் மல்லுக்கு நிற்கும். பெடலில் ஆயத்தமாக வரும் அமைப்பை நம்பாமல் 333-க்கு மாற்றிப் பாருங்கள். ஊதுகிறவர் இரண்டு பேராகிவிடுவார்.

நாதஸ்வரத்துக்கு இதே பெடலைப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். ரிவெர்ப் நன்றாக இருக்கும். நீள டிலே வேண்டாம் என்பது என் கருத்து. கமகத்தில் சுரம் வழுக்கிக்கொண்டே போகிறது. அரை நொடிக்கு முந்தைய வழுக்கல் இப்போதைய சுரத்தின்மேல் விழுந்தால், சுத்தமாக வாசிப்பவரும் அபசுரம் வாசிப்பதுபோல் கேட்கும்.

இணைப்புக்கு வருவோம். கிட்டார் பிக்கப் சாதாரணமாக 100 மில்லிவோல்ட் முதல் ஒரு வோல்ட் வரை தரும். பெடல் அதற்காகச் செய்யப்பட்டது. சாதாரண டைனமிக் மைக், டிரம்பெட் வாயருகே 114 டெசிபல் வாங்கினாலும் 20 மில்லிவோல்ட்தான் தரும். நேராகச் செருகினால் சத்தம் அடங்கி இரைச்சல் எழும்பும். வெளி இரைச்சலைத் தள்ளிவிடும் மூன்று கம்பி மைக் வயரின் சமநிலையும் போய் 'ம்ம்' என்ற மின் இரைச்சல் ஏறும். கண்டென்ஸர் மைக்காக இருந்தால் அதற்கு வேண்டிய 48 வோல்ட் பெடலிலிருந்து வராது, ஆகவே வேலையே செய்யாது. நல்ல வழி மிக்ஸரின் ஆக்ஸ், அதாவது ஒலியின் ஒரு பங்கைத் தனியாக வெளியே அனுப்பும் பாதை, வழியாகப் போவது. டிரம்பெட் சேனலிலிருந்து ஆக்ஸைக் கொஞ்சமாகத் திறந்து பெடலுக்கு அனுப்பி, பெடலை முழு 'வெட்'டில் (மூல ஒலி கலக்காமல் எதிரொலி மட்டும் வரும்படி) வைத்து, வெளியீட்டை வேறொரு சேனலின் லைன் உள்ளீட்டில் வாங்குங்கள். மூல ஒலி தன் பாதையில் தொடப்படாமல் போகும். திரும்பி வரும் அந்தச் சேனலில் அதே ஆக்ஸ் குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; திறந்திருந்தால் பெடல் தன்னைத்தானே ஊட்டிக்கொண்டு கூவும்.

இந்த முறையில் ஒரு குறை: பெடல் மிக்ஸர் பக்கத்தில் கிடக்கும், ஊதுகிறவர் காலுக்கு எட்டாது. கால் கட்டுப்பாடு வேண்டுமென்றால் மேடையிலேயே மைக்கின் மின்னலையைப் பெரிதாக்கும் ஒரு ப்ரீஆம்ப் வைத்து, அதிலிருந்து பெடல், பெடலிலிருந்து அதை மைக் வயருக்கு ஏற்றபடி மாற்றும் டி.ஐ. பாக்ஸ், அங்கிருந்து மிக்ஸர்.

டிலே முன்னாலா, ரிவெர்ப் முன்னாலா என்ற வாக்குவாதம் குழுக்களில் ஓயாது. இரண்டும் கலப்படமில்லாத கூட்டல் பெருக்கலாக இருக்கும்வரை வரிசையை மாற்றினாலும் விடை ஒன்றுதான். 3 × 5 போல. ஒலியைச் சுழற்றும் மாடுலேஷனோ முறுக்கும் டிஸ்டார்ஷனோ நடுவில் இருந்தால்தான் வரிசை பேசும். காதில் தெளிவாகத் தெரியும் வேறுபாடு தொடர் இணைப்புக்கும் (ஒன்றின் வெளியீடு அடுத்ததற்குள் போவது) பக்க இணைப்புக்கும் (மூல ஒலி இரண்டுக்கும் தனித்தனியே போவது) இடையில்தான். தொடரில் ஒவ்வோர் எதிரொலிக்கும் தனி வால் முளைக்கும். பக்க இணைப்பில் எதிரொலிகள் உலர்ந்து நிற்கும். எதிரொலிக்கும் மண்டபம் ஆள் நிறைந்திருக்கும்போதும் பக்க இணைப்பே எனக்குப் பிடிக்கும்.

கடைசியாக, பெடலில் 'ட்ரெய்ல்ஸ்' என்ற வசதி இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். காலால் அணைத்தாலும், ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும் எண்கள் வாசித்து முடியும்வரை எதிரொலி தானாகத் தேய்ந்து போகும். சரணத்தின் கடைசிச் சுரத்தில் அணைத்துவிட்டுப் பாடகிக்கு வழிவிடலாம். அவர் எடுக்கும் முதல் வரியில் டிரம்பெட்டின் புதிய ஒலி எதுவும் பெடலுக்குள் நுழையாது.