ஓய்வு பெறும்போது உங்களை நீங்களே வேறு வையுங்கள்

காரைக்குடியில் ஆடிட்டராகத் தொழில் செய்கிறேன். மே மாதம் முடிந்து பள்ளி ஆசிரியர்கள் ஓய்வு பெறும் சமயத்தில் என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கையில் ஒரு துணிப்பை இருக்கும். உள்ளே பாஸ்புக், பணிக்கொடை உத்தரவு, பழைய எல்.ஐ.சி. ரசீதுகள். உட்கார்ந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "எதுல போட்டா வட்டி கூட வரும்?"

அதற்குப் பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அவர்கள் கேட்காமல் விடுகிறவற்றைப் பேசத்தான் மணிக்கணக்காகிறது.

ஒரு தலைமை ஆசிரியர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஓய்வு பெற்ற நான்காம் மாதமே பணிக்கொடையில் பெரும்பகுதியை மகன் சென்னையில் வாங்கிய ஃபிளாட்டுக்குக் கொடுத்துவிட்டார். சொந்த வீட்டையும் மகன் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் என்றபோது என்னிடம் வந்தார். மகன் கெட்டவரல்ல. மாதாமாதம் வீட்டுக்கடன் கட்டித் திணறுகிறவர். "அவங்கிட்ட கேக்க வாய் வரலை தம்பி" என்று சொல்லிவிட்டு, பாஸ்புக்கின் பிளாஸ்டிக் உறையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். பிள்ளைகளுக்கெல்லாம் அதட்டிப் பாடம் சொன்ன மனிதர். அன்று அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்தச் சீமையில் 'வேறு வைப்பது' என்று ஒரு வழக்கம் உண்டு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானதும் அவனை வேறு வைப்பார்கள். வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய அதே வீட்டுக்குள், தனி அடுப்பு, தனிக் கணக்கு. வருடச் செலவுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று பேசிக் கொடுத்துவிடுவார்கள். கோயிலும் நல்லது கெட்டதும் எப்போதும்போல ஒன்றாகவே நடக்கும். சின்னஞ்சிறுசுகள் குடும்பம் நடத்தப் பழகுவதற்குச் செய்த ஏற்பாடு என்பார்கள். என் கண்ணுக்கு அது பெரியவர்களுக்கும் காப்பாகத்தான் படுகிறது. தன் மருந்துச் செலவுக்குப் பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

அதனால் ஓய்வு பெறுகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இதுதான்: முதல் ஒரு வருடம் யாருக்கும் எதையும் பிரித்துக் கொடுக்காதீர்கள். முதலில் உங்களையும் உங்கள் துணையையும் வேறு வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஓர் ஐந்தொகை எழுதுங்கள். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்தவர்களின் வாரிசுகளுக்கு இந்தச் சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: இருக்கும் சொத்து ஒரு பக்கம், கடன் மறுபக்கம் என்று எழுதும் கணக்கு அது. ஆனால் எழுதிக் கொண்டுவரும்போது எல்லோரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். 'பெரிய வீடு, இரண்டு கோடி' என்று பூர்வீக வீட்டைச் சொத்துப் பக்கம் முதல் வரியிலேயே போட்டுவிடுகிறார்கள். விசாரித்தால் பதினாறில் ஒரு பங்கு. பங்காளிகள் சிங்கப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருப்பார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டாலொழிய விற்க முடியாது. ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றியாக வேண்டும், காரை பெயர்ந்த இடத்தைப் பூச வேண்டும், காவல்காரருக்குச் சம்பளம் தர வேண்டும். அந்த வீட்டின் மேல் எனக்கும் ஆசை உண்டு. என்றாலும் கணக்கில் அது செலவுப் பக்கம்தான் வரும்.

விலைவாசி ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஏறினால் பன்னிரண்டு ஆண்டில் செலவு இரட்டிப்பாகும். அறுபது வயதில் மாதம் 30,000 ரூபாயில் ஓடுகிற குடும்பத்துக்கு எழுபத்திரண்டில் 60,000 வேண்டும். அரசு பென்ஷனில் அகவிலைப்படி கூடிக்கொண்டு போகும். தனியார் ஆலையிலும் கடையிலும் உழைத்தவர்களுக்கு அந்த வசதி இல்லை, பி.எஃப். பென்ஷனின் குறைந்தபட்சத் தொகை 2014-இல் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அவர்களுக்கு நான் முதலில் சொல்வது தபால் நிலையத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். 2023 முதல் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். அந்த ஆண்டு ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமானது. அந்த விகிதத்தில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கைக்கு வரும். காலாண்டுதோறும் அரசு புது விகிதம் அறிவித்தாலும், நீங்கள் போட்ட அன்றைய வட்டியே ஐந்து வருடமும் நிற்கும். வட்டிக்கு வரி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

சொத்தைக் கொடுக்கும் விஷயத்தில் அவசரமே கூடாது. உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மெண்ட் அப்படியல்ல, பதிவானதும் கைவிட்டுப் போய்விடும். எழுதியே தீர வேண்டுமென்றால், 'எங்கள் காலம் வரை அடிப்படை வசதி செய்து பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். அதை மீறினால் பத்திரத்தை ரத்து செய்யக் கோரி, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். தலைமை ஆசிரியரின் பத்திரத்தில் அந்த ஒரு வரி இல்லை.

பணத்தை ஒழுங்கு செய்துவிட்டாலும் பொழுது தானாக ஒழுங்காகாது. மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஆறு மாதம் முகப்பிலேயே உட்கார்ந்து ஒரே தினசரியை மூன்று தடவை படித்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருடைய பூட்டிய வீட்டின் சாவியை வாங்கிக்கொண்டார். இப்போது அவரிடம் ஏழு வீட்டுச் சாவிகள். வாரம் ஒருமுறை திறந்து காற்றாட விடுகிறார், பழைய வயரிங்கைச் சோதிக்கிறார், மழை பெய்த மறுநாள் வளவு ஓரம் ஒழுகுகிறதா என்று பார்த்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். வருகிற பணம் பெட்ரோலுக்கும் காபிக்கும் சரியாக இருக்கும். காலை ஏழு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்ப ஓர் இடம் இருக்கிறது, அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. இப்படி ஒன்றை வேலையில் இருக்கும்போதே, இரண்டு வருடம் முன்னதாகவே தேடிக்கொள்வது நல்லது.

போன மாதம் ஒரு தம்பதி வந்தார்கள். அண்ணன் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அவர் மனைவி, ஆச்சி, நாற்பது பக்க நோட்டு ஒன்றை என் மேசைமேல் விரித்தார். மளிகை, பால், பிரஷர் மாத்திரை, பேத்தி பிறந்தநாள், ஓடு மாற்ற ஒதுக்கியது, எல்லாம் மணிமணியான எழுத்தில். கடைசி வரியில் 'எனக்கு: கொட்டான் பின்ன ஓலை, சாயம், 400' என்று இருந்தது. அண்ணன் அதைப் படித்துவிட்டு, "இது எப்ப எழுதின?" என்று கேட்டார். ஆச்சி நோட்டை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி, "கூட்டுத்தொகை சரியான்னு பாருங்க தம்பி" என்றார். சரியாக இருந்தது.