கல்வெட்டைப் பத்திரமாக எழுதிப் பாருங்கள்

மடிவாளா சோமேசுவரர் கோயில் சுவரின் அடிப்பகுதியில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன என்றால் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள்கூட "அப்படியா?" என்கிறார்கள். அவற்றில் பழையது 1247ஆம் ஆண்டுடையது, வேப்பூர்க்காரர் ஒருவர் நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. வேப்பூர் என்பது இன்றைய பேகூர். வெங்களூர் (இன்றைய பெங்களூர்) பெரிய ஏரிக்குக் கீழுள்ள நிலத்தைக் கொடுத்த செய்தியும் அதே சுவரில் உண்டு.

நான் வரலாற்று ஆசிரியை. இதைச் சும்மா வாசிக்கக் கொடுத்தால் பிள்ளைகள் யார், எப்போது, என்ன கொடுத்தார் என்று மூன்று வரி குறித்துக்கொண்டு நோட்டை மூடிவிடுகிறார்கள். அதனால் இப்போதெல்லாம் அதையே இன்றைய தானப் பத்திரம் மாதிரி எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன்.

ஒரு பெண் எழுத உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே கேட்டாள்: "மிஸ், ஏரிக்குக் கீழே எப்படி நிலம் இருக்கும்? தண்ணீருக்கு அடியிலா?" வாசித்தபோது அவளுக்கு வராத சந்தேகம், சொத்து விவரம் எழுத வேண்டியிருந்ததால் வந்தது. கரைக்கு அந்தப் பக்கம், மதகிலிருந்து தண்ணீர் இறங்கிப் பாயும் நிலம் என்று விளக்கினேன். "அப்போ ஊரிலேயே நல்ல நிலத்தைத்தான் கொடுத்திருக்கிறார்" என்றாள். பதிவு அலுவலகம் எங்கே என்று அடுத்த கேள்வி. எல்லோரும் சுற்றி வரும் கோயில் சுவர்தான் அலுவலகம் என்பதும், அக்காலத் தானக் கல்வெட்டுகளின் முடிவில், தானத்தைக் கெடுப்பவனுக்கு வரும் 'கங்கைக் கரையில் குரால் (கபில நிறப்) பசுவைக் கொன்ற பாவத்திலே போவான்' என்ற வகைச் சாபம் எதற்கு என்பதும் அப்புறம்தான் அவளுக்குப் பிடிபட்டது.

இதில் ஆபத்தும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த முறையை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கற்பனை நன்றாக அமைந்துவிட்டால் அதுவே நடந்தது என்று மனம் நம்பத் தொடங்கிவிடும், பெரியவர்களுக்கும் இதே கதைதான், வாட்ஸ்அப்பில் சுற்றும் 'வரலாறு' பலவும் இப்படிப் பிறந்ததுதான். ஆகவே கல் சொல்வதை நீல மையிலும் நாமாகச் சேர்ப்பதைச் சிவப்பிலும் எழுத வேண்டும் என்பது என் வகுப்பில் கண்டிப்பான விதி.

அந்த நிலத்தை உழுதவர் பேசுவதாக ஒரு பையன் எழுதினான். 'என் நிலம் கைமாறியது, அன்றிரவு நான் தூங்கவில்லை' என்று முழுவதும் நீலத்தில். "இது கல்லில் எங்கே இருக்கிறது, காட்டுப்பா" என்றேன். தேடித்தேடிப் பார்த்துவிட்டு, "உழுதவரைப் பற்றி ஒண்ணுமே இல்லையே மிஸ்" என்றான்.

மறுவாரம் அவன் கொண்டுவந்த பக்கத்தில் ஏரியும் நிலமும் மட்டும் நீலத்தில் இருந்தன, மற்றதெல்லாம் சிவப்பு.